பெத்தாயனவுக்கு லைன் கொடுத்தவள்

லூர்துமேரிக்கு நல்ல குரல். சிக்கந்தராபாத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் வானதூதரின் வசனத்தை அவள்தான் பேசினாள். ஆனால் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு. மேடையில் இறக்கை கட்டிக்கொண்டு வாயசைத்தது நிறமாக இருந்த வேறொரு பெண். உன் குரல் ஒன்றே போதும் குழந்தே, முகம் எதற்கு என்று ஒரு சிஸ்டர் அவளைத் தட்டிக்கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

அவளுடைய அப்பா பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் திருச்சித் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்கணி உருது, பள்ளியில் ஆங்கிலம். நான்கையும் தடுமாறாமல் பேசத் தெரிந்தவளுக்கு பாலாநகர் பக்கம் புதிதாக வந்திருந்த மத்திய அரசு இயந்திரத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்ததில் ஆச்சரியமில்லை. அந்த நேர்முகத் தேர்வில்கூட அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துப் போனில் பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அதிகாரிகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு கல்யாணம். துரைராஜ் கூட்ஸ் வண்டி கார்டு. காஜிப்பேட்டை, வாடி ஜங்ஷன் என்று போய்விட்டு, கண் சிவந்து திரும்பி வருவார். மாரெட்பள்ளியில் இரண்டு அறை வீடு. ஒரே மகள் ஸ்டெல்லா. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண்.

தொழிற்சாலையின் எக்ஸ்சேஞ்ச் நிர்வாகக் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆளுயர போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், சின்ன விளக்குகள். விளக்கு எரிந்தால் கயிற்றைச் செருகிக் கேட்க வேண்டும், யாரைக் கேட்கிறார்களோ அந்தத் துளையில் மறு கயிற்றைச் செருக வேண்டும். இரண்டு பக்கமும் பேச்சு கிடைத்ததா என்று ஒரு கணம் கேட்டுவிட்டு, தன் காதுக்கு வரும் இணைப்பின் சாவியை மூடிவிட வேண்டும். மூடுவதற்கு முன்னால் காதில் விழுவது விழத்தான் செய்யும். அதை அந்த அறையிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் உத்தியோகம். லூர்துமேரியும் அவளோடு வேலை பார்த்த ஜுலைகாவும் ஒருவருக்கொருவர்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அப்படிக் காதில் விழுந்த குரல்களில் ஒன்று பெத்தாயனவுடையது.

பெத்தாயன என்றால் தெலுங்கில் பெரியவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் மந்திரியாக இருந்ததில்லை, தேர்தலில் நின்றதில்லை, ஒரு மேடையில் ஏறிப் பேசியதில்லை. செய்தித்தாளில் படம் வந்தால் பாதி முகம் இன்னொருவரின் தோளுக்குப் பின்னால் இருக்கும். பேகம்பேட்டில் உயரமான மதில் வைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே மந்திரிகளை ஆக்கினார், இறக்கினார். தொழிற்சாலையின் எம்.டி.க்கும் அவரிடமிருந்து போன் வரும். வந்த சில நாட்களில் யாருக்காவது வேலை கிடைத்திருக்கும், யாராவது தூர தேசத்துக் கிளைக்கு மாற்றலாகியிருப்பார்கள். ஒருமுறை ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த நல்ல இன்ஜினியர் ஒருவர் பெட்டி படுக்கையோடு பீகாருக்குப் போனார்.

அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று, அவரிடமிருந்து போன் வந்த சிலரைத் தவிர, வெளியில் யாருக்கும் தெரியாது. லூர்துமேரிக்குத் தெரியும். சன்னமான குரல். அவசரமே இருக்காது. சாருக்குக் கொஞ்சம் கொடுக்கிறாயா அம்மா என்று தெலுங்கில் கேட்கும், காய்ச்சலில் கிடப்பவரிடம் பேசுவது போல. அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். புருஷனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

எண்பத்தோராம் வருஷம் ஒரு மத்தியானம் வெளியிலிருந்து வந்த அழைப்பில் ஒரு ஆண் குரல் டிசைன் பிரிவில் இருந்த தன் தம்பியைக் கேட்டது. தெலுங்கில்தான் கேட்டது, ஆனால் தம்பி பெயரைச் சொன்ன விதத்தில் தமிழர் என்று தெரிந்தது. "லைன்ல இருங்க சார், சீட்ல இல்ல, கூப்பிட ஆள் போயிருக்கு" என்றாள் லூர்துமேரி. உடனே மறுமுனை, தம்பி கிடக்கட்டும், நான் உங்களைப் பார்க்க வேண்டும், உங்கள் வீட்டுக்கு என் மனைவியோடு வரலாமா என்று கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜம்புநாதன் மனைவியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பேகம்பேட்டில் ஒரு வங்கியில் அதிகாரி. ஃபிலிம் சொசைட்டிக்காரர். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து, தாமும் ஒன்று எடுத்தே தீருவது என்று நண்பர்களோடு இறங்கியிருந்தார். ஒரு பெரிய அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாறு, பிறந்ததிலிருந்து இன்றுவரை, ஆனால் கேலியாக. படம் முழுக்க அந்த மனிதர் ஒரு காட்சியிலும் வர மாட்டார். போனில் குரல் மட்டும்தான். "அவரைத்தான் யாரும் பார்த்ததே இல்லையே. பார்க்காதவரை எப்படிக் காட்டுறது?" என்று சிரித்தார். படத்தின் பெயர் 'லைன்லோ உண்டண்டி'. லைனில் இருங்கள் என்பதைத் தெலுங்கில் மரியாதையாகச் சொல்வது.

ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை, லூர்துமேரியும் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குப் புரிந்தது. காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜம்புநாதன் கேட்டு வந்தது அவள் குரலை மட்டும்தான். படத்தில் ஆபரேட்டராக முகம் காட்ட ஒரு கல்லூரிப் பெண்ணைப் பேசி வைத்திருந்தார். இவள் குரலை அதோடு ஒட்டிக்கொள்வதாக யோசனை. மறுபடியும் திரைக்குப் பின்னால்தான். லூர்துமேரி சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அதற்குள் துரைராஜ் பேச ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் வம்பு, அரசாங்க உத்தியோகம், பெரிய இடத்துப் பகை என்று மூச்சுவிடாமல் அவர் அடுக்கிக்கொண்டே போக, லூர்துமேரி வழக்கம்போலத் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜம்புநாதன் துரைராஜைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைராஜ் ஓய்ந்ததும் சொன்னார்: "அக்கா, எனக்குக் குரல் வேண்டாம். மத்தவங்க பேசறப்போ நீங்க கேட்கறீங்களே, அந்த முகம் வேணும். படம் முழுக்க அதுதான்."

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம், காதோரம் நரை. தன் முகம் வேண்டும் என்று முதல்முறையாக ஒருவர் கேட்டதும், புருஷன் சொன்ன நியாயங்கள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின.

துரைராஜ் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது அவள்தான் வாயைத் திறந்தாள். ஆபீசில் கேட்ட ஒரு வார்த்தை, ஒரு பெயர், ஒரு விஷயம் அந்தப் படத்துக்குள் போகாது, அது என் பொறுப்பு என்றாள். உன்னை நம்பாமல் இல்லை, காலத்தைத்தான் நம்பவில்லை என்றார் அவர். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அமீர்பேட்டில் ஒரு ஸ்டூடியோவின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் படப்பிடிப்பு நடந்தது. ஏலத்தில் எடுத்த பழைய போர்டு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். விடுமுறை நாட்களிலும், காலை ஷிப்ட் முடிந்த மாலைகளிலும் அவள் போனாள். கேமராக்காரர் பெருமாள், கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர். தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் ஒரே முகத்தைப் படம் எடுத்ததில்லை என்று நொந்துகொண்டே எடுத்தார்.

காட்சிகள் அவளுக்கு வெகுவாகப் பிடித்துவிட்டன. முதல் காட்சியில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்கிறாள்: ஆண் குழந்தை, சுகப்பிரசவம், ஆனால் அழவில்லை, வார்டில் யார் யார் அழுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. இன்னொன்றில் அந்த மனிதர் வாலிபராகிப் போனிலேயே சம்பந்தம் பேசுகிறார். சீர், மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவாகிப் போனை வைக்கப் போகும்போது, மாப்பிள்ளை யார் என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். அதை இப்போது சொல்வதற்கில்லை என்கிறார். எல்லாவற்றிலும் அவள் ரசித்தது கத்திரிக்காய்க் காட்சி. சமையல்காரனிடம் கத்திரிக்காயில் புழு இருக்கிறது, உடனே மாற்றிவிடு என்று அவர் சொல்ல, லைன் கலந்துபோய் அது ஒரு மந்திரியின் காதில் விழுகிறது. மந்திரி மறுபேச்சில்லாமல் ராஜினாமா செய்கிறார். காலியான இடத்துக்கு யார் என்று கட்சிக்காரர்கள் கேட்க, அந்தக் கத்திரிக்காய்க்காரனையே வரச் சொல் என்று அவர் சமையல்காரனுக்குச் சொன்ன பதில் அவர்கள் காதில் விழுந்து, கத்திரிக்காய் வியாபாரி மந்திரியாகிறார்.

இதில் எதுவும் அவள் ஆபீசில் கேட்டதில்லை. எல்லாம் ஜம்புநாதனின் மண்டையில் உதித்தவை. அதனால் நிம்மதியாகச் சிரித்தாள்.

சிக்கல் வந்தது அந்த மனிதர் யாரையாவது மிரட்டுகிற காட்சிகளில். குரல் கொடுத்தவர் புருஷோத்தமன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், தமிழ் நாடகங்களில் ராஜபார்ட். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் கர்ஜித்தார். உன் வேரையே பிடுங்கிவிடுவேன் என்று தெலுங்கில் அவர் முழங்கியதில் வெளியே நின்ற டீக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். லூர்துமேரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இல்லை.

"அக்கா, நீங்க பயப்படவே மாட்டேங்கறீங்களே" என்றார் ஜம்புநாதன்.

அவளும் முயன்று பார்த்துத் தோற்றுப்போயிருந்தாள். அந்த அலுப்பில் சொல்லிவிட்டாள்: "சத்தம் போடுறவங்ககிட்ட ஆபரேட்டருக்குப் பயம் வராது தம்பி. கத்திட்டு வெச்சிடுவாங்க. மெதுவா பேசுறவங்கதான் பயம்."

ஜம்புநாதன் உடனே புருஷோத்தமனைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார். புருஷோத்தமனுக்கு முகம் சுண்டிவிட்டது. முணுமுணுக்கவா இத்தனை வருஷம் சாதகம் செய்தேன் என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார். ஆனால் அவர் நல்ல நடிகர். அடுத்த முறை, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, பையன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று அந்தக் குரல் தாழ்ந்து கேட்டபோது லூர்துமேரியின் கயிறு பிடித்த கை நின்றது. கண் அசையவில்லை. பெருமாள் கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து அன்று அவள் சாப்பிடவில்லை. துரைராஜ் டூட்டியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னாள். யாருடைய பேரையாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை. என்ன பேசினார் என்று சொன்னாயா. இல்லை. பிறகு எதற்கு அழுகிறாய் என்றார். இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பெத்தாயனவிடம் இருந்த பயம் அவருக்குப் புரிந்தது அப்போதுதான். எழுந்துபோய்த் தானே இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவள் ஜுலைகாவிடமும் சொன்னாள். ஜுலைகா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நக்கோ, வேணாம் மேரி, இதோட விட்டுரு. வயித்து வலின்னு சொல்லிப் போகாம இரு" என்றாள். லூர்துமேரி யோசித்தாள். பாதியில் விட்டால் அத்தனை பேரின் உழைப்பும் வீண். அதோடு, சொன்னது உலகத்தில் எந்த ஆபரேட்டரும் சொல்லக்கூடிய விஷயம்தானே. அது யாருக்குப் பொருந்துகிறது என்பது கேட்கிறவர்கள் மனசில் இருக்கிறது. இப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டு மிச்சக் காட்சிகளையும் முடித்துக்கொடுத்தாள்.

மறு வருஷம் சிக்கந்தராபாத்தில் ஒரு சங்கத்தின் ஹாலில் படத்தை முதன்முதலாகப் போட்டார்கள். ஸ்டெல்லா அம்மாவோடு முன் வரிசையில் உட்கார்ந்தாள். துரைராஜ் டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, விளக்கு அணைந்த பிறகு வந்து பின்னால் நின்றுகொண்டார்.

ஹால் முழுக்க இருந்த அந்த முகத்தைப் பார்த்து லூர்துமேரி கூசிப்போனாள். இவ்வளவு பெரிய மூக்கா என்றுதான் முதலில் தோன்றியது. குழந்தை அழாத காட்சியில் சிரித்தார்கள். கத்திரிக்காய்க் காட்சியில் நாற்காலிகள் ஆடின. பிறகு அந்தத் தாழ்ந்த குரல் பையன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த ஹால் அடங்கியது. திரையில் வேறொன்றும் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு முகம் மட்டும். ஸ்டெல்லா இருட்டில் அம்மாவின் கையைப் பிடித்து, வெகுநாள் கழித்துத் தமிழில், "அம்மா, உனக்கு அவ்ளோ பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நடு வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து படம் முடியுமுன் வெளியேறினார். முன்னாள் மந்திரி ஒருவருக்குக் காரியதரிசியாக இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. வாசலில் அவர் யாரிடமோ, இந்தக் குரல் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாராம். ஊர் முழுக்கப் பேச அது போதுமானதாக இருந்தது. அடுத்த இரண்டு காட்சிகளுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் போனில் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கியவர்கள். வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தில் வருகிற அம்மாள் நிஜத்திலும் ஆபரேட்டர் என்ற செய்தி தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது.

முன் அனுமதி பெறாமல் வெளியே வேலை செய்ததற்கும், பணியில் அறிந்த ரகசியத்தை வெளியிட்டதற்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவளை போர்டிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் உட்காரவைத்தார்கள். பிறகு நிர்வாகப் பிரிவின் துணை மேலாளர் நாராயணஸ்வாமி தன் அறைக்குக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர், பொதுவாக நல்ல மனிதர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

அனுமதி வாங்கவில்லை என்பதை அவள் முதலிலேயே ஒப்புக்கொண்டாள். கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டீர்கள் என்று கேட்கவில்லை, தப்புத்தான் என்றாள். நாராயணஸ்வாமி தலையாட்டி எழுதிக்கொண்டார். இரண்டாவது விஷயத்துக்கு வந்தபோது பேனாவை மூடிவிட்டார். ஜம்புநாதன் என்ற ஆள் உன்னை வற்புறுத்திச் சில விவரங்களைப் பெற்றதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, உன்னை இதிலிருந்து கழற்றிவிடுகிறேன், அவனை வங்கியில் பார்த்துக்கொள்வார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவர் என்கிட்ட எதையும் கேட்கல சார். நானும் சொல்லல. நடக்காததை எப்படி எழுதுறது?"

"மேரி, உனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"ஆமா சார். படத்துலயும் அப்படித்தான் கேட்பாங்க."

நாராயணஸ்வாமியின் முகம் சிவந்தது. அவள் குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு அவள் மரியாதையாகவே கேட்டாள். ரகசியத்தை வெளியிட்டேன் என்று மெமோவில் இருக்கிறது. யாருடைய ரகசியம் என்று இல்லை. படத்தில் வருகிறவருக்குப் பெயர் கிடையாது. "அது இன்னாருன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அவர் நம்ம ஆபீசுக்கு எப்ப போன் பண்ணார், யார்கிட்ட என்ன பேசினார்னு நானும் எழுதிப் பதில் சொல்றேன் சார். இல்லேன்னா எதுக்குப் பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியல."

மெமோவை நாராயணஸ்வாமி திரும்ப எடுத்துப் பார்த்தார். பெத்தாயன என்று ஒருவர் எம்.டி.க்குப் போன் செய்வதுண்டு என்று ஒரு காகிதத்தில் எழுத அந்தக் கட்டிடத்தில் யாருக்குத் தைரியம் வரும்? போய் வேலையைப் பார், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றார். கதவருகே அவள் போனதும், வீட்டில் எல்லாரும் கலவரப்படாமல் இருங்கள் என்று சொன்னார். அது உத்தியோகப் பேச்சாக இல்லை.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. துரைராஜ் வேலை போனாலும் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று சொல்லிக்கொண்டே ராத்திரியில் புரண்டு படுத்தார். ஜம்புநாதன் பதறிப்போய் வந்து, எல்லாம் என்னால்தான், வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்றார். உங்களுக்கு இன்னொரு படம் எடுக்க ஆசை இல்லையா, போய் அதைப் பாருங்கள் என்று சொல்லி அவருக்கு அடையும் காபியும் கொடுத்தனுப்பினாள்.

அந்த வார இறுதியில் ஜுலைகாவுக்குக் கடும் காய்ச்சல். மாற்று ஆள் இல்லாமல் லூர்துமேரியையே போர்டில் உட்காரச் சொன்னார்கள். பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியதும் அவளுக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. பதினொரு மணி வாக்கில் வெளி லைனில் ஒரு விளக்கு எரிந்தது. கயிற்றைச் செருகித் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னாள்.

"நீயா அம்மா" என்றது அந்தச் சன்னமான குரல்.

ஆமாம் என்றாள். அவர்கள் பேசிக்கொண்டது தெலுங்கில்.

"படம் பார்த்தேன். வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நான் பேசுவது எப்படி என்று அவர்களுக்கு நீதான் சொன்னாயா?"

"இல்லை சார். மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் ஆபரேட்டருக்குப் பயம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

மறுமுனையில், அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவர் வீட்டில் நாய் இருக்கிறது என்பதே அவளுக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது.

"என்னிடம் உனக்குப் பயமா?"

உள்ளங்கை வியர்க்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டாள். வியர்க்கவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இருந்தது சார்" என்றாள்.

எம்.டி.க்குக் கொடு என்றார். அவள் மறு கயிற்றைச் செருகினாள். எம்.டி. எடுத்ததும், இரண்டு பக்கமும் பேச்சு கிடைத்ததா என்று கேட்கிற அந்த ஒரு கணத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் சாவியை மூடினாள். தன் தலையெழுத்தைத்தான் உள்ளே பேசுகிறார்கள் என்று தெரியும். கேட்க வேண்டும் போல விரல் துடித்தது. கேட்கவில்லை. விளக்கு அணைந்ததும் கயிற்றை எடுத்துவிட்டு அடுத்த அழைப்பைப் பார்த்தாள்.

அந்தப் பேச்சு என்ன என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது. கோபித்தாரா, சிரித்தாரா, அல்லது தன்னைப் பற்றி ஒரு விசாரணை நடப்பதே தனக்குக் கேடு என்று கணக்குப் போட்டாரா என்று வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வந்த உத்தரவில் ரகசியம் என்ற வார்த்தையே இல்லை. அனுமதி பெறாமல் நடித்ததற்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அது நியாயம்தான் என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். போர்டுக்கும் திரும்பிவிட்டாள்.

படம் பெரிதாக ஓடவில்லை. எந்தத் தியேட்டர்காரரும் அதைத் தொடத் துணியவில்லை. கல்லூரிகளிலும் சங்கங்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. வாரங்கலில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு விடிய விடியக் கத்திரிக்காய் வசனத்தைச் சொல்லித் திரிந்தார்கள் என்று ஜம்புநாதன் வந்து சொன்னார். பேகம்பேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் போன்கள் வெகுவாகக் குறைந்தன. பீகாருக்குப் போன இன்ஜினியர் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது, தன் வீட்டுக்கு ட்ரங்க் கால் கேட்டவர், நீங்கள்தானே அந்த ஆபரேட்டர், பாட்னாவில்கூடப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் அம்மா என்றார். அவளுக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது.

எண்பத்து நான்கில் வேறொரு இயக்குநர், தெலுங்குக்காரர், அவளைத் தேடி வந்தார். கிராமத்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வேஷம். இந்த முறை பக்கம் பக்கமாக வசனம். லூர்துமேரி முறைப்படி விண்ணப்பம் எழுதி நிர்வாகப் பிரிவில் கொடுத்தாள். நாராயணஸ்வாமிக்கு ஓய்வுபெற ஒரு மாதம்தான் பாக்கி. படித்துப் பார்த்து, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எந்தத் தியேட்டரில் வரும், வீட்டில் கேட்பாள் என்று விசாரித்தார்.

விகாராபாத் பக்கம் நடந்த முதல் நாள் படப்பிடிப்புக்குத் துரைராஜ் டூட்டியை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். வெயிலில் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, சாம்பாரில் உப்பே இல்லை என்று சமையல்காரரிடம் சண்டை பிடித்தார். அவள் வசனத்தை மறந்து நின்ற ஒரு தருணத்தில், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தனக்கு மனப்பாடம் ஆகியிருந்த அந்த வரியை, கூட்ஸ் வண்டிக்குக் கொடி காட்டிப் பழகிய கையை உயர்த்திக்கொண்டு தப்புத் தெலுங்கில் உரக்க எடுத்துக்கொடுத்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள்.